சந்தனம் அடைத்த மைக்

பஞ்சாலை என்கிறவளுக்குப் பணிந்து பேச வராது. மலேசியாவில் கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவள். வேலை வாங்கும் மண்டோர் முறைத்தால் திருப்பி முறைப்பாள். ஆனால் பாட வாய் திறந்தால் குரல் அப்படி மெல்லிசாக இழையும். அம்மன் திருவிழாவில் முதல் பாட்டு பல வருஷமாக அவளுடையதுதான். 1983-இல் கோயில் தலைவர் முருகையா அதைப் பறித்தார்.

“ஒனக்குத் தொண்ட போயிருச்சி பஞ்சால. மைக்குல ஒண்ணுமே வெளங்கல. இந்த வருஷம் சிரம்பான்லேருந்து ஆள் வர்றாங்க.”

அவளும் அதை நம்பித் தொலைத்தாள். மிளகுக் கஷாயமாகக் குடித்தாள், யாருக்கும் தெரியாமல் அழவும் செய்தாள்.

கோயில் மைக் லேசுப்பட்டதல்ல. லண்டன் ஸ்டூடியோவில் இருந்ததாம். வெள்ளைக்கார மானேஜர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு.

அந்த வைகாசியில் லுக்குட் ஊரில் ஒரு கல்யாணம். மைக்செட்காரர் தங்கராஜு, கோயில் மைக்கைப் பார்த்து அச்சு அசலாகச் செய்தது போன்ற ஒரு தைவான் மைக்கை அவளிடம் நீட்டினார். பாடினாள். மண்டபத்தில் பேச்சு நின்றுபோனது. அவளுக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

திருவிழாவுக்கு முந்தின நாள் தங்கராஜுவோடு கோயிலில் போய் நின்றாள்.

“அண்ணே, ரெண்டையும் மாட்டுங்க. ஒரே பாட்டு, ஒரே தொண்ட.”

“போலி மைக்க சாமி முன்னாடி வைக்கிறதா? இது ஒரிஜினல்!” என்று குதித்தார் முருகையா.

“ஒரிஜினல்னா எதுக்குத் தலைவரே பயம்? கேட்டுப் பாருங்க லா.”

புதியதில் குரல் பளிச்சென்று வந்தது. பழையதில் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது. கூடியிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். பஞ்சாலை பழையதை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். கம்பி இடுக்கெல்லாம் மஞ்சள் நிறம். தங்கராஜு முன்மூடியைக் கழற்றினார். ஒன்பது வருஷச் சந்தனம் அடையடையாக அப்பியிருந்தது. கத்திப் பாடுகிறவர்கள் தப்பித்தார்கள், இவள் குரல் மாட்டிக்கொண்டது. கொண்டை ஊசியை உருவிச் சுரண்டத் தொடங்கினாள்.

“ஏய், சாமி சந்தனம்!” என்று பதறினார் முருகையா.

“சாமிக்கு நெத்தியிலதான பூசுறீங்க? வாயிலயா அடைக்கிறீங்க?”

மறுபடி பாடினாள். இப்போது பழைய மைக்கில் அவள் மூச்சு வாங்குவதுகூட இதமாகக் கேட்டது. தைவான் மைக் கிட்டே வர முடியாது என்று அவளே ஒப்புக்கொண்டாள். முருகையாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“பாத்தியா? ஒரிஜினல் ஒரிஜினல்தான். சரி, நாளைக்கு மொதப் பாட்ட நீயே பாடு.”

வேறொருத்தியாக இருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பாள்.

“பாடுறேன். அதுக்கு முன்னாடி, கோளாறு மைக்குலதான், பஞ்சால தொண்டையில இல்லன்னு நீங்க இதுல சொல்லணும்.”

“இப்பவா? லயத்து வீட்டுக்கெல்லாம் கேக்குமே!”

“அதுக்குத்தான்” என்று மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.