மரத்தடிச் சருகு

2024 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை. மழையைக் கண்டு இரண்டு மாதமாகியிருந்த கரியாலூர்க் காட்டில் காலை எட்டு மணிக்கே அனற்காற்று வீசியது.

மாயவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. மரவள்ளிக் கொல்லைகளில் கூலி வேலை. கோடைதோறும் ஊராருடன் சேர்ந்து, கூலி வாங்காமல், அரசுக் காட்டில் தீத்தடுப்புக் கோடு பெருக்குவார். பத்தடி அகலத்துக்குச் சருகைத் தள்ளி வெறுமண்ணாக்கினால் தீ அதைத் தாண்டாது. ஆளுக்கு நூறடிப் பங்கு. முடித்தவர் ‘சுத்தம்’ என்று குரல் கொடுப்பார். அக்குரலை எவரும் சரிபார்ப்பதில்லை.

சென்ற மாதம் மாயவன் பங்கின் கடைசியில் காளியம்மனின் கடுக்காய் மரம் நின்றது. சாமி மரத்தடியில் துடைப்பம் படக்கூடாது. சருகைக் கையால்தான் அள்ள வேண்டும். அதற்கு ஒரு மணி நேரமாகும். சங்கராபுரம் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், அள்ளாமலே ‘சுத்தம்’ என்று கூவிவிட்டு இறங்கினார். பத்தாம் நாள் வந்த தீ அந்தச் சருகைப் பற்றிக்கொண்டு கோட்டினைத் தாண்டியது. மூன்று ஏக்கர் கரியாயிற்று.

மரம் அடுத்த பங்குக்காரரான செல்லியம்மாளுடையது என்றே எல்லோரும் நினைத்தனர். மாயவன் திருத்தவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாமிமேல் பழி போடவும் வழியில்லை. கையால் அள்ள வேண்டாமென்று சாமி சொல்லவில்லையே!

இன்று மீண்டும் பங்கு பிரிக்க ஊராரும் வனக்காப்பாளரும் கூடியிருந்தனர்.

“இன்னா செல்லி, வாயாலயே பெருக்கினியா?” என்று கூட்டத்திலிருந்த இளைஞன் ஜீவா சீண்டினான். சிரிப்பு எழுந்தது.

“மொதல்ல உன் வூட்டு வாசல பெருக்கிட்டு வந்து பேசுடா. என் பங்கு மரத்துக்கு இந்தாண்டயே முடிஞ்சிபோச்சு.” செல்லியம்மாள் மாயவனிடம் திரும்பினார். “இன்னாண்ணா, பாத்துக்கினு நிக்கிற? பக்கத்துலதான இருந்த, நீ சொல்லேன்.”

மாயவன் துடைப்பத்தின் கட்டை அவிழ்த்து மீண்டும் கட்டினார்.

வனக்காப்பாளர் பெயர்ப்பட்டியலைப் பிரித்தார். “இனிமே அந்தம்மா வேணாங்க. வேற ஆளப் போட்டுக்கலாம்.”

செல்லியம்மாள் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு சரிவில் இறங்கத் தொடங்கினார். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு மாயவனை இவ்வேலைக்கு அழைத்து வந்தவரே அவர்தான்.

“நில்லு செல்லி.” குரல் மாயவனுக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை உரக்கச் சொன்னார்: “நில்லு செல்லி. அந்த மரம் உன் பங்கு இல்ல.”

வனக்காப்பாளர் நிமிர்ந்தார். “ஏங்க, மரத்தடிய விட்டது அவங்க இல்லன்னா வேற யாரு?”

“நான்தாங்க.”