மாடியில் காயப்போட ஒரு சேலை

சனிக்கிழமை மத்தியானம் ரயிலை விட்டு இறங்கி அரியலூர் வீட்டுக்குள் நுழைந்த வீரமணி, தண்ணீர்கூடக் குடிக்காமல் பெண்டாட்டியிடம் ஒரு சேலை கேட்டான்.

பூவிழி அவனை மேலும் கீழும் பார்த்தாள். பி.இ. முடித்து, சென்னையில் கண்ணாடிக் கட்டடத்தில் பத்து வருஷமாகக் கம்ப்யூட்டர் தட்டுகிற ஆள். கேட்கிற சாமானைப் பார்.

"கட்டிக்கவா?"

"காயப்போட."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. துரைப்பாக்கத்தில் இப்போது அவன் இருக்கும் மாடி போர்ஷனைக் குடும்பஸ்தர்களுக்குத்தான் வீட்டுக்காரம்மா விடுவாராம். வாடகையைப் பங்கு போட ஆபீஸ் பையன்கள் மூன்று பேர் சேர்ந்தார்கள். நாலு பேரில் தாலி கட்டியவன் இவன் ஒருத்தன்தான். "சம்சாரம் அடுத்த வாரம் வந்துடுவாங்க, இவனுங்க என் தம்பிங்க" என்று சொல்லிச் சாவியை வாங்கிவிட்டான். அதில் ஒரு தம்பிக்குத் தமிழே வராது.

அந்த அடுத்த வாரம் வராமலே மூன்று மாதம் ஓடிப்போனது. வீட்டுக்காரம்மா கொடியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எப்போது பார்த்தாலும் பேண்ட்டும் பனியனும். 'உங்க சம்சாரம் துணியே துவைக்க மாட்டாங்களா?' என்று நேற்று கேட்டாராம்.

பூவிழி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் கேட்டாள்.

"சேல மட்டும் வந்தா போதுமா? நான் வேணாமா?"

வீரமணி சட்டைப் பொத்தானைத் திருகினான். அவளும் எம்.ஏ., பி.எட்.தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சென்னை வாடகையும் மகள் தமிழ்மொழியின் எல்.கே.ஜி. பீஸும் சேர்ந்து அவன் சம்பளத்தை இருபதாம் தேதிக்குள் தின்று தீர்த்தபோது, ஒரே ஒரு வருஷம் என்றுதான் பிள்ளையோடு இங்கே வந்தாள். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை.

"ஜூன்ல பாக்கலாம் பூவு."

"எந்த ஜூன்ல?"

அவளே பீரோவைத் திறந்தாள். அவன் வெளுத்துப்போன ஒன்றைக் காட்டினான்.

"அதெல்லாம் வேணாம். கிழிசலக் காயப்போட்டா அங்க எனக்குத்தானே அசிங்கம்?"

பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போகும் நீலக் காட்டன் சேலையை எடுத்துக் கொடுத்தாள். அடுத்த தட்டிலிருந்து அவன் ஒரு குட்டி கவுனையும் உருவினான். கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தமிழ்மொழி தாவி வந்து பிடுங்கினாள்.

"இது எனக்குப் பத்தாதுப்பா. நான் வளந்துட்டேன். உங்களுக்குத் தெரியாதா?"

பெரிய கவுனை அவளே மடித்துப் பைக்குள் வைத்தாள். வீரமணி ஜிப்பை மூட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை இன்டர்வெல்லில் பூவிழிக்குப் போட்டோ வந்தது. மாடிக் கொடியில் நீலச் சேலை, பக்கத்தில் கவுன். உடனே போன் போட்டாள்.

"ஆம்பள காயப்போட்ட மாதிரியே இருக்கு, மாட்டிக்கப் போறீங்க. ரெண்டா மடிச்சுப் போட்டு கிளிப் மாட்டுங்க."

"சரிங்க டீச்சர்."

பேசிக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினாள். சேலைக்குப் பின்னால் ஒரு சின்ன ஜன்னல். தன் பெயரைச் சொல்லிப் பிடித்த வீட்டை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"ஏங்க, பின்னாடி தெரியிறது சமையக்கட்டு ஜன்னலா?"

"ஆமா."

"காலையில வெயில் வருமா?"

"வரும். ஏன்?"

"ஒண்ணுமில்ல. ஒரு கருவேப்பிலத் தொட்டி வெக்கலாம்."

வகுப்புக்கு மணி அடித்தது. ரெண்டு பேருமே போனை வைக்கவில்லை.