சவுக்குத்தோப்பு நரி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பாசஞ்சர், கிராசிங்குக்காக புதுச்சத்திரத்தில் நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே சவுக்குத்தோப்பு.

"அதுல நரி இருக்கா மாமா?" என்று எதிர் சீட்டுச் சிறுமி கேட்கிறாள்.

"நான் சின்னப் பையனா இருந்தப்ப ராத்திரியெல்லாம் கத்தும். இப்ப கேக்கறதே இல்ல."

"எப்படிக் கத்தும்?"

நாலு பேர் பார்த்தாலே எனக்குக் கூச்சம். கண்ணை மூடிக்கொண்டு ஊளையிடுகிறேன். பெட்டியே திரும்பிப் பார்க்கிறது.

"ஒண்ணுதான் கத்துமா?"

"ஒண்ணு கத்துனா தூரத்துலேர்ந்து இன்னொண்ணு பதில் குடுக்கும்."

அவள் தோப்பைப் பார்த்தபடி காத்திருக்கிறாள். தோப்பு சும்மா இருக்கிறது.

"பொய் சொல்றீங்க" என்கிறாள்.

எனக்கு முகம் தொங்கிப்போகிறது. அப்போது கதவோரம் மீன் கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு வயசான அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, நீளமாக ஊளையிடுகிறார்.

சின்ன வயதில் பாயில் படுத்துக்கொண்டு கேட்ட அதே நரிக்குரல்.