தஞ்சாவூர் – குத்தாலம்: தனியாகப் போனவனும், தனியாக இருக்கக் கூடாதவரும்

ஜனவரி கடைசி வாரம் ஒரு வியாழக்கிழமை விடுப்பு எடுத்தேன். திருச்சியில் ஒரு வங்கிக் கிளையின் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் நான். வருடம் முழுக்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். அதனால் விடுப்பு என்றால் எனக்கு வாயைத் திறக்காமல் ஊர் சுற்றுவது. "போயிட்டு வாங்க, இங்க இருந்தா மட்டும் பேசவா போறீங்க" என்று என் மனைவி சந்தோஷமாக அனுப்பிவைத்தாள்.

திட்டம் எளிது. சம்பா அறுவடை நேரத்தில் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து குத்தாலம், இருபத்துநான்கு. இரண்டும் பேருந்தில்தான். காரில் போனால் முன்னால் போகிற லாரிதான் தெரியும். பேருந்து ஜன்னலின் உயரத்துக்கு வந்தால்தான் வயல் முழுசாகக் கண்ணில் விழும்.

காலை 8.10க்குத் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் வண்டி ஏறினேன். கும்பகோணத்துக்கு முப்பது ரூபாய். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரம் கிடைத்தது. இந்த வலைப்பூவின் பழைய பதிவுகளில் நானே சிபாரிசு செய்த உத்தியைச் செய்தேன்: நடுவில் பை, ஓரத்தில் துண்டு. யாராவது கேட்டால் "ரெண்டு பேர் வர்றாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்க வேண்டும்.

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டு இளைஞர்கள் ஏறினார்கள். ஒருவர் வெள்ளைக்காரர், தலை கூரையில் இடிக்கும் உயரம். இன்னொருவர் நம் ஊர் முகம். உயரமானவர் என்னிடம் குனிந்து, "ஐயா, இங்கே ஆள் வருகிறார்களா?" என்றார். புத்தகத் தமிழ், ஆனால் சுத்தம்.

"வர்றாங்க. ரெண்டு பேர்."

நம்பிவிட்டார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வண்டி கிளம்பிய பிறகும் இருவரும் அந்த இருக்கைக்குக் காவல் நின்றார்கள். உட்கார வந்த இரண்டு பேரை, "மன்னிக்கவும், இந்த ஐயாவின் நண்பர்கள் வருகிறார்கள்" என்று உயரமானவரே திருப்பி அனுப்பினார். அய்யம்பேட்டை தாண்டியதும் கவலையோடு கேட்டார்: "ஐயா, உங்கள் நண்பர்கள் எந்த நிறுத்தத்தில் ஏறுவார்கள்? தொலைபேசியில் அழைக்கலாமா?"

எனக்குக் காது சுட்டது. "வரல போல. உக்காருங்க தம்பி" என்று பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

உயரமானவர் பெயர் எல்டர் ஹான்சன். எல்டர் என்பது அவர்கள் மார்மன் கிறிஸ்தவ சபையில் ஊழியம் செய்யும் பையன்களுக்குக் கொடுக்கும் பட்டம், மூத்தவர் என்று அர்த்தம். மூத்தவருக்கு வயது இருபது. அமெரிக்காவில் ஐடஹோ என்ற மாநிலம், உருளைக்கிழங்கு விவசாயக் குடும்பம். இரண்டு வருட ஊழியத்தில் பதினாறு மாதம் முடிந்திருந்தது. கூட இருந்தவர் எல்டர் பிரசாத், பத்தொன்பது வயது, ராஜமுந்திரி. வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

ஹான்சன் ஒரு சின்னத் தலைவராம். நான்கு ஜோடி, எட்டுப் பேர் அவர் பொறுப்பு. தினமும் இரவு ஒவ்வொரு ஜோடிக்கும் போன் போட்டு, சாப்பிட்டார்களா, சண்டையா, காய்ச்சலா, வீட்டு ஞாபகமா என்று விசாரிக்க வேண்டும். வாரம் ஒரு நாள் யாராவது ஒரு ஜோடியை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அன்றைக்குக் குத்தாலம் ஜோடியின் முறை. அங்கே ஒருவருக்கு வீட்டிலிருந்து வந்த ஆவக்காய் ஊறுகாயை இன்னொருவர் கேட்காமல் காலி செய்துவிட்டார். நான்கு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"பேசலேன்னா ஆளுக்கொரு பக்கம் போயிட வேண்டியதுதானே?" என்றேன்.

"முடியாது ஐயா. நாங்கள் தனியாக இருக்கவே கூடாது. எப்போதும் இரண்டு பேர். ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் மற்றவர் இருக்க வேண்டும்."

"எப்பவுமா?"

"எப்போதும். அதனால்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே போன்."

கேட்கும்போதே எனக்கு மூச்சு முட்டியது. தனிமைக்காக விடுப்பு எடுத்து வந்தவன் பக்கத்தில் இப்படி ஒரு ஆள்.

பாபநாசம் அருகே ஓர் அறுவடை மெஷின் சாலையை முழுக்க அடைத்துக்கொண்டு முன்னால் ஊர்ந்தது. பதினைந்து நிமிடம் போயிற்று. 9.25க்குக் கும்பகோணம். குத்தாலம் போகும் மாயவரம் வண்டி கூட்டமாக உள்ளே வந்தது. நான் பெரிய மனுஷத்தனமாக, "ஜன்னல் வழியா துண்டைப் போட்டு எடம் புடிங்க, நான் காபி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிக்கொடுத்தேன். அவர்களிடம் துண்டு இல்லை. காபியும் அவர்களுக்குக் கிடையாது, டீயும் கிடையாது, மார்க்கத்தில் விலக்கு. கும்பகோணத்தில் நின்றுகொண்டு காபி குடிக்காமல் இருப்பதற்கே தனியாக ஒரு பட்டம் கொடுக்கலாம்.

காபி முப்பது ரூபாய். குடித்துவிட்டுத் திரும்பினால் வண்டி இல்லை, ஹான்சன் மட்டும் நிற்கிறார். பிரசாத் தன் டையைக் கழற்றி ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடித்திருக்கிறார். அதைக் காக்க உள்ளே ஏறியிருக்கிறார். கீழே நின்ற ஹான்சன், வாழையிலைக் கட்டைப் பக்கத்து வண்டியில் ஏற்ற முடியாமல் தவித்த ஓர் அம்மாவுக்குக் கை கொடுத்திருக்கிறார். கட்டை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது 9.50 வண்டி போய்விட்டது. போன் ஹான்சனிடம்.

அலுவலகத்தில் இருந்த டைம் கீப்பரிடம் ஓடினோம். "ஐயா, என் சகோதரர் காணாமல் போய்விட்டார்" என்றார் ஹான்சன்.

"எத்தனை வயசுப் புள்ள?"

"பத்தொன்பது."

டைம் கீப்பர் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அடுத்த வண்டி 10.20, ரெண்டாவது பிளாட்பாரம்."

நான் சிரித்தேன். ஹான்சன் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். முந்தின நாள் ராத்திரி பிரசாத் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, "உன்னோடு கொஞ்சம் பேச வேண்டும்" என்றிருக்கிறார். "குத்தாலத்துக்குப் போன் பேச வேண்டும், நாளைக்குப் பேசலாம்" என்று இவர் சொல்லியிருக்கிறார். மாயவரத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வீட்டுக்கே போய்விட்டால்?

"எட்டுப் பேரை விசாரிக்கிறேன் ஐயா. பக்கத்துக் கட்டிலில் இருப்பவனை மூன்று வாரமாக விசாரிக்கவில்லை."

முகம் கழுவிக்கொண்டு வரலாம் என்று கட்டணக் கழிப்பறைப் பக்கம் நடந்தேன். ஹான்சனும் பின்னால் வந்தார்.

"தம்பி, நீங்க எங்க?"

"நான் தனியாக இருக்கக் கூடாது. இப்போது நீங்கள்தான் என் துணை. விதியில் இப்படி இல்லை, ஆனால் தனியாக நிற்பதைவிட இது சின்னத் தவறு. நான் வாசலில் நிற்கிறேன். நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள், சத்தம் கேட்டால் போதும்."

ஐந்து ரூபாய் கொடுத்து உள்ளே போய் என்ன பேசுவது? சென்னை, திருவாரூர், மன்னார்குடி வண்டிகளின் நேரத்தைச் சத்தமாக ஒப்பித்தேன். பக்கத்துக் கதவுக்குள்ளிருந்து ஒருவர், "அண்ணே, மன்னார்குடிக்கு பதினொண்ணுக்கு மேல இருக்கா?" என்று கேட்டார்.

10.20 வண்டி. குத்தாலத்துக்கு இருபது ரூபாய். ஆடுதுறை தாண்டி இருபுறமும் அறுத்த வயல், அறுக்காத வயல், சாலையோரம் காயும் நெல். நான் பார்க்க வந்ததே இதற்காகத்தான், ஒன்றும் மனதில் பதியவில்லை. சபையின் பெரிய தலைவருக்குச் சொல்லியாக வேண்டும் என்றார் ஹான்சன். "இப்ப சொல்லாதீங்க, அரை மணியில கெடச்சிடுவாரு, யாருக்குத் தெரியப்போவுது" என்றேன். குத்தாலம் ஜோடிக்குப் போட்ட போனை யாரும் எடுக்கவில்லை. அவர் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.

11.15க்குக் குத்தாலம். பிரசாத் இல்லை. ஆனால் குத்தாலம் ஜோடி வந்திருந்தது. ஒருவர் டீக்கடை நிழலில் நின்றார், இன்னொருவர் சாலைக்கு எதிர்ப்பக்கம் மருந்துக்கடை வாசலில். பேச்சு இல்லை. ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரம்தான், விதி மீறப்படவில்லை. சமாதானம் செய்ய வந்த ஹான்சன் இருவரையும் கூப்பிட்டு, "என் துணையைத் தொலைத்துவிட்டேன்" என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு நான்கு நாளில் முதல் வார்த்தையாக மருந்துக்கடை வாசலில் நின்றவர், "நாம ஊறுகாயைத்தானே தொலைச்சோம்" என்றார். டீக்கடை நிழலில் நின்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஹான்சன் எல்லோர் முன்னாலும் பெரிய தலைவருக்குப் போன் செய்தார். பேசியது ஆங்கிலத்தில். பஸ்ஸையோ கூட்டத்தையோ காரணம் சொல்லவில்லை. நேற்று அவன் பேச வந்தான், நான் கேட்கவில்லை, இன்று தொலைத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார். என் கிளையில் இருபது வருடமாக ஒருவர்கூட இப்படித் தன் தவறைச் சொல்லி நான் பார்த்ததில்லை, நான் உட்பட.

12 மணிக்கு மாயவரத்திலிருந்து திரும்பிய வண்டி வந்து நின்றது. கண்டக்டர் முதலில் இறங்கினார். அவர் முதுகை ஒட்டிக்கொண்டு பிரசாத்.

"சார், இவரு உங்க ஆளா? குத்தாலம் குத்தாலம்னு தொண்டை கிழியக் கத்துறேன், எறங்க மாட்டேங்குறாரு. தனியா நிக்க மாட்டாராம். மாயவரத்துல டீ குடிக்கப் போனா பின்னாடியே வர்றாரு, டீயும் குடிக்கல. ஒதுங்கப் போனேன், அங்கயும் வந்து நிக்கிறாரு! எனக்கு வரவே இல்ல சார்."

பிரசாத் மூன்று வாரத்தில் முதல் தமிழைப் பேசினார்: "படியில நிக்காத, உள்ள போ!" அர்த்தம் தெரியாமலே அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். ஹான்சன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

இருவரும் வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்தார்கள். நாங்கள் மூவரும் தள்ளி நின்றோம். நாற்பது நிமிடம் பிரசாத்தான் பேசினார். அடுத்த வாரம் அவர் அக்காவுக்குக் கல்யாணம். ஊழியத்தின் நடுவில் கல்யாணத்துக்குப் போகும் வழக்கம் இல்லை. ஊருக்கே போவதானால் நானே வந்து ரயில் ஏற்றிவிடுகிறேன் என்றாராம் ஹான்சன். போக வேண்டாம், வீடியோவில் பார்த்தால் போதும், ஆனால் பார்க்கும்போது பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும், அதைக் கேட்கத்தான் நேற்று வந்தேன் என்றாராம் பிரசாத். பிறகு எழுந்து வரும்போது ஹான்சன் வாய்க்கால் மதகைத் தட்டிப் பார்த்து, "எங்கள் ஊரிலும் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவோம்" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி கடைசி சரியான நேரம். கும்பகோணத்திலிருந்து வண்டி அரை மணிக்கு ஒன்று. அறுவடை மெஷினுக்காகக் கூடுதலாக அரை மணி ஒதுக்குங்கள். போகும்போது வலது பக்கம் உட்காராதீர்கள், வெயில். சேர்ந்து போகிறவர்கள் ஆளுக்கொரு போன் வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு ஒட்டிக்கொண்டு போனாலும் சரி. மாயவரம் வண்டியில் இடம் பிடிக்க டை போதும், சோதித்தாகிவிட்டது.

பக்கத்து இருக்கையில் பை வைக்கும் உத்தியை மட்டும் திரும்பப் பெறுகிறேன். 1.10க்கு நான் திரும்பும் வண்டியில் ஏறியதும் ஹான்சன் ஜன்னலருகே வந்து, "காலையில் உங்கள் நண்பர்கள் வராமலே போய்விட்டார்களே, இனி நீங்கள் தனியாகப் போக வேண்டுமே" என்று வருத்தப்பட்டார். அவர் போனில் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கும் வேறு வழி இல்லை.

"அப்படி யாரும் கெடயாது தம்பி. யாரும் பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு சொன்ன பொய் அது."

அவர் யோசித்தார். பிரசாத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆனால் ஐயா, இரண்டு பேர் வந்தோமே" என்றார்.

வண்டி நகர்ந்தது. ஆடுதுறையில் ஒரு பெரியவர் ஏறி, "ஆள் வருதா சார்?" என்றார். பையை மடியில் எடுத்துக்கொண்டேன். கும்பகோணம் வரை அவர் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். நான் என் முதுகு வலியைப் பற்றிப் பேசினேன்.