கீழே இறங்கும் பெடல்

புது வண்டிச் சாமான் வந்த பெட்டியை அவர் மேல்பக்கமாகத் திறப்பதே இல்லை. தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பக்கத்து ஒட்டைப் பேனாக்கத்தியால் கீறித்தான் திறப்பார். "மேல எவனும் நல்லாத்தான் ஒட்டுவான். அடியைப் பாத்தாத்தானே வண்டவாளம் தெரியும்?" என்பார். அதோடு விடுவாரா? சாமானின் மேல் பொறித்த எழுத்தை நகத்தால் சுரண்டுவார், முகர்ந்து பார்ப்பார், காதருகே வைத்துக் குலுக்குவார். தெருவில் அவருக்கு 'டவுட்டு மெக்கானிக்' என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கோபப்பட மாட்டார். முதலில் யார் வைத்தது என்று மட்டும் இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, எதையும் ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்துபோன கழுத்து. மழை வராது என்று ரேடியோ சொன்னால் துணியை எடுத்து உள்ளே போடச் சொல்வார். டீயில் என்றைக்காவது சர்க்கரை கூடினால் போச்சு. "என்ன இன்னைக்கு இவ்வளவு இனிப்பு? எதையாவது ஒடச்சிட்டியா?" என்று மனைவியைக் கேட்பார். அந்த அம்மாள் சிரித்துவிட்டுப் போவாள். சில நாள் நிஜமாகவே எதையாவது உடைத்திருப்பாள், அது வேறு விஷயம்.

பட்டறை வீட்டோடு ஒட்டியது. கிளட்ச், பிரேக் வேலைகளில் குழாய்க்குள் மாட்டிய காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் வண்டிக்கடியில் படுத்துக் குழாயின் வாயைத் திறந்து மூட வேண்டும். வேறு யார் காலையும் அவர் நம்புவதில்லை. அதனால் மிதிக்கிற வேலை மனைவிக்கு. அந்தக் காலையும் முழுசாக நம்புகிறார் என்று சொல்ல முடியாது.

அன்றைக்கு ரொட்டிக்கடை வேன். கிளட்ச் ஆயில் ஒழுகியதால் பெடலோடு சேர்ந்த மேல் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கத்துக் கீழ் சிலிண்டர், இரண்டையுமே மாற்றியிருந்தார். இரண்டும் மனைவியின் தம்பி கடையில் வாங்கியவை. அதுதான் அந்த அம்மாளுக்கு அன்றைய பெரிய சந்தோஷம். முன்பொரு தடவை அந்தக் கடை வாசலில், நாலு வாடிக்கையாளர் முன்னால், "இங்க பாதி டூப்ளிகேட்டுதான்" என்று இவர் வாய் கூசாமல் சொல்லிவிட்டார். அதோடு தம்பி இந்த வீட்டுப் படியேறுவதை நிறுத்திவிட்டான். அக்கா காய்ச்சலில் படுத்தபோதுதான் மனம் கேட்காமல் திரும்ப வந்தான். இப்போதுதான் மாமா, மச்சான் என்று இரண்டு வார்த்தை பேசிக்கொள்கிறார்கள்.

"மிதி... இன்னும்... அப்படியே பிடி!" என்று அடியிலிருந்து குரல் வந்தது. அவள் மிதித்துப் பிடித்தாள். குழாயில் ஆயில் வந்தது, குமிழி ஒன்றுகூட இல்லை. அவர் குழாயின் வாயை மூடிவிட்டு எழுந்து வந்து பெடலைக் கையால் அழுத்தினார். பஞ்சு மெத்தையை அழுத்தியதுபோல அது உள்ளே போயிற்று.

"ஏன்டி, நான் மூடறதுக்கு முன்னாடியே காலை எடுத்திட்டியா?"

"எடுக்கலைங்க. சத்தியமா எடுக்கலை."

"சத்தியம் பண்ற அளவுக்கு நான் என்ன கேட்டுட்டேன்?" என்றார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

ஆயில் டப்பாவைச் சந்தேகித்தார். ரப்பர் குழாய் வீங்குகிறதா என்று தடவிப் பார்த்தார். தேய்ந்துபோன கிளட்சோடு வண்டியைத் தன் தலையில் கட்டிவிட்டாரோ என்று ரொட்டிக்கடைக்காரரைக்கூட ஒரு நிமிஷம் சந்தேகித்தார். கடைசியில் எங்கே வந்து நிற்பார் என்று அவளுக்குத் தெரியும். வந்து நின்றார்.

"உன் தம்பி வேலையைக் காட்டிட்டான்."

அவளுக்குக் காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது. அவள் வாசல் பெருக்கும்போது இவர் அந்த மேல் சிலிண்டரைச் செய்தித்தாள்மேல் வைத்துக் குடைந்துகொண்டிருந்தார். பூட்டு வளையத்தை எடுத்து, உள்ளே ஆயிலை அடைத்துப் பிடிக்கிற ரப்பர் கப்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திரும்பத் திணித்தார். "புதுசைப் போய் ஏங்க நோண்டறீங்க?" என்று அவள் கேட்டபோது, "புதுசுன்னு யாரு சொன்னா? உன் தம்பிதானே?" என்றார்.

இப்போது அதைச் சொன்னால் என்ன ஆகும்? பிறந்த வீட்டுக்குப் பரிந்து பேசுகிறாள் என்பார். சொல்லாவிட்டால் தம்பி போய்விடுவான். இந்தத் தடவை போனால் போனதுதான். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். "டூப்ளிகேட்டைக் குடுத்துட்டு மாமா மாமான்னு கொஞ்சல் வேறயா? வாடா இங்க, நேர்ல வந்து பாரு!"

அவள் வேனிலிருந்து கீழே இறங்கினாள். "என் கால்மேலதானே சந்தேகம்? நீங்க ஏறி மிதிங்க. நான் அடியில படுக்கறேன்."

அவர் மறுக்கவில்லை. யாரையாவது சோதிக்கிற வேலை என்றால் அவருக்கு அலுப்பே வராது. ஏறி உட்கார்ந்து மிதித்தார். அவள் குழாயின் வாயைத் திறந்து மூடினாள். சுத்தமான ஆயில்தான் வந்தது.

"மூடிட்டேன். இப்பக் காலை எடுக்காதீங்க. அப்படியே அழுத்திப் பிடிங்க."

பிடித்தார். காலுக்குக் கொஞ்சம் கெட்டியாகத்தான் தட்டியது. பிறகு, அவர் அழுத்தத்தைக் கூட்டாமலே, பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. தரையைத் தொட்டுவிட்டது.

"எங்கயாவது ஒழுகுதா பாரு."

"ஒரு சொட்டு இல்லைங்க."

உள்ளே காற்றும் இல்லை, வெளியே கசிவும் இல்லை. அப்படியென்றால் மேல் சிலிண்டருக்குள்ளேயே ஆயில் ரப்பரைத் தாண்டிக் கசிகிறது. இது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.  இறங்கி மேல் சிலிண்டரைக் கழற்றிப் பிரித்தார்.

ரப்பர் கப்பின் விளிம்பு ஒரு பக்கம் உள்முகமாக மடங்கியிருந்தது. மடிப்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் அவசரமாகச் சக்கரத்தைப் பார்த்தாள். அவர் ரப்பரைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பைக்குள் எதற்கு?  இத்தனை வருஷம் இந்த மனுஷனோடு குப்பை கொட்டியதில் அவளுக்கும் அந்தச் சந்தேக வியாதி தொற்றியிருந்தது. தம்பி வந்ததும் வேறு எதையாவது காட்டுவாரோ? வரும்போதே கிழிந்திருந்தது என்பாரோ? சாக்கடையில் போட்டுவிட்டுச் சாதிப்பாரோ? கட்டின புருஷனைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படிப் பார்க்க அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் அந்தப் பையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

வாசலில் பைக் வந்து நின்றது. தம்பி செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பட்டறைக்குள் வந்தான். முகம் சிவந்திருந்தது. அக்காவைப் பார்க்கவே இல்லை.

"எங்க மாமா டூப்ளிகேட்டு? காட்டுங்க. பாத்துட்டுப் போறேன். இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன்."

"டேய், கொஞ்சம் உக்காரு..." என்றாள் அக்கா.

"நீ சும்மா இருக்கா. ஒவ்வொரு தடவையும் நானே திருட்டுப்பய ஆகணுமா?"

மெக்கானிக் சட்டைப் பைக்குள் கையை விட்டார். ரப்பரை எடுத்து மச்சான் கண்ணெதிரே நீட்டினார். பிறகு இன்னொரு கையால் மேசைமேல் கிடந்த, காலையில் ரப்பரை நெம்பிய தன் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அதன் முனையை அந்த வெட்டுக்குள் நுழைத்து, அது கச்சிதமாகப் பொருந்துவதைக் காட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி அப்படியே நின்றார்.