திரும்பிப் பார்க்காத குட்டி

என் நாவலில் வரும் கொலைகாரிக்குப் பதினாறு வயது. மலைக்கோட்டை ஒன்றில் வளர்ந்தவள். நிழலுக்குள் புகுந்து மறையத் தெரிந்தவள். அரசன் கைகாட்டும் ஆளைக் கொல்வதற்கென்றே பயிற்றப்பட்டவள். ஆனால் முதல் ஆளைக் கொல்லவே அவளுக்கு மனம் வரவில்லை. பாதிப் புத்தகம் வரைக்கும் தயங்கிக்கொண்டே இருக்கிறாள். இளையோர் படிக்கிற மாயக்கதைக்கு இவ்வளவு தயக்கம் ஆகாது என்று பலர் சொல்லிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பேசப் போனபோது ஒரு மாணவி எழுந்து, "அவ எப்பதான் குத்துவா மிஸ்? எம்புட்டு நேரம் பொறுக்கது?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எரிச்சலாகத்தான் இருந்தது. தயங்காமல் கொல்கிறவர்களின் கதைகள் கடையில் கொட்டிக் கிடக்கின்றன, வாங்கிப் படித்துக்கொள்ளட்டும். நான் அதிகம் தயங்காமல் கொன்றவள். அதனால்தான் அவளை அவ்வளவு தயங்க வைத்தேன்.

எங்கள் வீடு ராஜபாளையத்தில். அப்பா மில்லில் ஃபிட்டர். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு எங்கள் ஊர் நாய்களை வளர்த்துக் குட்டி விற்பார். பால் வெள்ளை, ரோஸ் நிற மூக்கு. அந்த வெள்ளையோடு ஒரு கேடும் சேர்ந்து வரும். ஈற்றுக்கு ஒன்றாவது செவிடாகப் பிறந்துவிடும். குட்டிகளுக்கு ஒரு மாதம் ஆனதும் அப்பா ஒவ்வொன்றாகச் சாக்கின்மேல் விட்டு, பின்னால் தள்ளி நின்று, எவர்சில்வர் தட்டில் கரண்டியால் அடிப்பார். திரும்பிப் பார்த்தால் பிழைத்தது. மூன்று முறை அடித்தும் திரும்பாததை ஒரு வாளியோடு கிணற்றடிக்குக் கொண்டுபோவார். சும்மாகூட யாருக்கும் கொடுக்கமாட்டார். வாங்கினவன் அதையும் இணை சேர்ப்பான், செவிட்டுக் குட்டி விற்கிற வீடு என்று நம் பெயர் கெடும் என்பார். ஈன்ற நாய்க்குத் தன் தட்டிலிருந்து கறியை எடுத்துப் போடுகிற மனிதரும் அவர்தான். இதில் எதுவும் எனக்கு அப்போது விநோதமாகப் படவில்லை.

நான் கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி இரண்டாம் வருடம் படித்தபோது அப்பா பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. முன் அறைக் கட்டிலை விட்டு அசைய முடியாது. அந்த வாரம் கொட்டகையில் நாய் ஆறு குட்டி போட்டது. குட்டிகளுக்கு ஒரு மாதம் ஆனபோது அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, திங்கக்கெழம குட்டி எடுக்க வாராக. அதுக்கு முன்னால தட்டிப் பாத்துரு. ஒங்க அம்மாவுக்கு அது ஆகாது."

"செவிடு இருந்தா?"

"இருந்தா என்ன செய்யணும்னு ஒனக்குத் தெரியாதாக்கும்?"

எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை மறைத்து என்ன பயன்? அப்பா தன் வேலையை என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்.

புரட்டாசிச் சனிக்கிழமை அம்மா, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைக்குப் பெருமாளைச் சேவிக்கக் கிளம்பிப் போனாள். அவள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிகள். காலையிலிருந்து மாலை வரை தடதடவென்று ஓடும். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் என்பதால் எங்களுக்கு அது உறைப்பதே இல்லை.

ஐந்து குட்டிகள் திரும்பின. எப்போதும் அந்தச் சுவரை ஒட்டியே படுத்துக் கிடக்கும் ஆறாவது குட்டி மட்டும் திரும்பவில்லை. மூன்று முறை அடித்தேன். அது சாக்கின் நூலை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

வாளித் தண்ணீருக்குள் அது என் விரலைத் தேடிக் கவ்வியது. பல் அப்போதுதான் முளைத்திருந்தது. நான் கையை எடுக்கவில்லை, அழுத்தினேன். நான் நினைத்ததைவிட அதிக நேரம் ஆயிற்று. பிறகு வேலியோரம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அப்பாவிடம் போனேன்.

"ஒண்ணு செவிடுப்பா. முடிச்சிட்டேன்."

"சரி தாயி. கையக் கழுவிட்டுச் சாப்பிடு."

திங்கட்கிழமை கல்லூரி பஸ்ஸில் செல்போனை எடுத்து எழுத ஆரம்பித்தேன். ஏன் ஒரு கோட்டை, ஏன் ஓர் அரசன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாளியையும் குட்டியையும் எழுத முடியவில்லை. கத்தியையும் அரசனையும் எழுத முடிந்தது. தினமும் போகும்போது ஒரு பக்கம், வரும்போது ஒரு பக்கம். தை மாதம் முக்கியமான அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தேன். கொலைகாரப் பெண் அரசன் முன்னால் கத்தியை வீசிவிட்டு, "உன் கையால் நீயே செய்துகொள்" என்று சொல்லி வெளியேறுகிறாள். அதை எழுதியபோது ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதே தெரியாமல் அழுதேன். மனசு லேசானது. இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன்.

சித்திரையில் அந்த நாய் மறுபடி ஈன்றிருந்தது. ஏழு குட்டிகள். அப்பா கம்பை ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தார். ஒரு சனிக்கிழமை நானே தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன்.

"இன்னைக்கி எதுக்கு? நாளைக்கி ஞாயித்துக்கெழம பாப்போம்" என்றார் அப்பா.

"இன்னைக்கிப் பாத்தா என்னப்பா?"

"தறி ஓடுறப்ப தட்டி என்ன தெரியும்? செலது அந்தச் சத்தத்துலயே கெடந்து பழகிப் போயிருக்கும். என்ன அடிச்சாலும் திரும்பாது. நல்ல குட்டியும் செவிடு மாதிரிதான் கெடக்கும்."

ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. அப்பா எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் தட்டிப் பார்ப்பார். மில் லீவு என்பதால் அன்றைக்குச் செய்கிறார் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவருக்கு அது சொல்லித்தர வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"போன ஈத்துல நீ என்னைக்கிப் பாத்தே?"

"சனிக்கெழம."

அவர் கம்பை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "அது செவிடுதான் தாயி. நான் முந்தியே பாத்து வச்சிருந்தேன்" என்றார்.

போன ஈற்றுக் குட்டிகள் பிறந்ததிலிருந்து விற்றுப் போகிறவரை அவர் கட்டிலை விட்டு இறங்கியதே இல்லை. அது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அந்தப் பொய்க்காக அவரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. "சரிப்பா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் தறிகள் நின்றிருந்தன. தகரக் கூரையில் காக்கை நடப்பது கேட்டது. நான்தான் தட்டை அடித்தேன். அந்த அமைதியில் அதன் சத்தம் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆறு குட்டிகள் துள்ளித் திரும்பின. ஏழாவது திரும்பவில்லை. "இன்னொருக்க அடி" என்றார் அப்பா. அடித்தேன். "தள்ளி நின்னு அடி." அடித்தேன். வழக்கம்போல மூன்றோடு அவர் நிறுத்தவில்லை. எத்தனை முறை அடித்தேன் என்று நினைவில்லை. அவர் குரல் கம்மிக்கொண்டே போனது மட்டும் நினைவிருக்கிறது. அது திரும்பவே இல்லை.

"நீ உள்ள போ. நான் பாத்துக்கிடுதேன்" என்று குட்டியை மடியில் கட்டிக்கொண்டு, ஒரு கையில் வாளியும் ஒரு கையில் கம்புமாக அப்பா நொண்டிக்கொண்டே கிணற்றடிக்கு நடந்தார்.

தாய் நாய் எழுந்து அவர் பின்னால் போகப் பார்த்தது. வேண்டாம்ப்பா, இதை நான் வளர்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றைக்கு அவர் நின்றிருப்பார். திரும்பி என்னிடமே கொடுத்திருப்பார். கத்தியை வீசிவிட்டு வந்தவளை எழுதி மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் கொட்டகைக் கதவைச் சாத்தி அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றேன். நாய் உள்ளிருந்து கதவைப் பிறாண்டியது. அப்பா வெறும் வாளியோடு திரும்பி வருகிறவரை நான் நகரவில்லை.