கேட்டில் எழுதிய நல்ல தண்ணீர்

வீட்டை விற்பது என்று முடிவான பிறகு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வந்த சண்டை விலையைப் பற்றி அல்ல, போர்டைப் பற்றி. கேட்டில் 'வீடு விற்பனைக்கு' என்று போர்டு மாட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ராமேஸ்வரம் தீவில் இருக்கிற எங்கள் அக்காள்மடத்தில் நாலு பேர் காதில் போட்டால் பாம்பன் வரைக்கும் சேதி போய்விடும், போர்டு எதற்கு என்று நான் கேட்டேன். அவர் ஆயுசு பூராவும் பஸ் ஓட்டியவர். எந்த ஊர் என்று முன்னால் எழுதியிருந்தால்தானே ஆள் ஏறும் என்றார்.

விற்க வேண்டிய கட்டாயமும் இருந்தது. அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு இரண்டு தடவை மதுரைக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறோம். மகள் அங்கேதான் இருக்கிறாள். ஊர் ஊராகப் பஸ்ஸை ஓட்டிய மனுஷன் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு வருவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அவள் வீட்டுப் பக்கத்திலேயே சின்னதாக ஒன்று வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று நான்தான் சொன்னேன்.

போர்டு எழுதப் போனவர் சும்மா வரவில்லை. 'நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு' என்று சிவப்பில் தனியாக ஒரு வரி சேர்த்து எழுதி வாங்கி வந்தார். அதில் தப்பு சொல்ல முடியாது. தீவில் வீடு பார்க்கிறவர்கள் எத்தனை அறை என்று கேட்பதற்கு முன்னால் தண்ணீர் எப்படி என்றுதான் கேட்பார்கள். அடுத்த வீட்டில் தோண்டினால் உப்பு; எங்கள் வீட்டில் தோண்டியதில் இளநீர் மாதிரி. தெருப் பெண்கள் குடத்தோடு வந்து இறைத்துக்கொண்டு போவார்கள். கேட்டுக்குப் பூட்டு என்று ஒன்று நாங்கள் வாங்கியதே கிடையாது. முதல் ஆளாக வருகிறவள் எதிர்வீட்டுக்காரி. புருஷன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். இவள் வாசலில் அடுப்பு வைத்து இட்லி போட்டு விற்கிறாள்.

போர்டு மாட்டியதும் போன் அடிக்க ஆரம்பித்தது. ஆட்கள் வந்தார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள், போனார்கள். ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. கடைசியில் ஒருவர் போனிலேயே இவரைப் பிடித்துக்கொண்டார். கிணறு உப்பு என்று தெருவே சொல்கிறது, இந்த வயசில் போர்டு எழுதி மாட்டிப் பொய் சொல்லலாமா என்று கேட்டுவிட்டார்.

இவர் ஆடிப்போனார். கிணற்றிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். உட்கார்ந்து யோசித்துவிட்டு இன்னொரு வாய் குடித்தார். டாக்டர் அவருக்குத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தார். அன்றைக்கு உண்டான பங்கு முழுவதையும் ருசி பார்த்தே தீர்த்துவிட்டார். தன் நாக்குத்தான் கெட்டுப்போச்சோ என்று என்னிடம் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. பொய் சொன்னவர்களை நாலு வார்த்தை கேட்காமல் விடக் கூடாது என்று கறுவிக்கொண்டேன்.

ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் நான் மதில் ஓரமாகத் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு பைக் நின்றது. வந்தவர் போர்டைச் சத்தமாகப் படித்துவிட்டு, தண்ணீர் நிஜமாகவே நல்லா இருக்குமா என்று யாரிடமோ விசாரித்தார். குளிக்கலாம், துணி துவைக்கலாம், வாயில் வைக்க முடியாது என்று பதில் வந்தது. எதிர்வீட்டுக்காரியின் குரல். எட்டிப் பார்த்தேன். அவள் இடுப்பில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

பைக் போனதும் கேட்டைத் திறந்துகொண்டு போய் நின்றேன். கையும் களவுமாகப் பிடிபட்டவள் மறுக்கவில்லை. குடத்தைக் கீழே வைத்தாள்.

"வாங்குறவுக கேட்டைப் பூட்டிட்டா நா எங்கன போவேன் அக்கா? கேன் தண்ணி வாங்கி மாவாட்டி இட்லி வித்தா என் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? நீங்க பாட்டுக்கு எழுதி மாட்டிட்டீக. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீகளா?"

திட்டப் போன நான் அவள் குடத்தையும் எங்கள் போர்டையும் மாறி மாறிப் பார்த்தேன். தெரு முழுக்கக் குடிக்கிற தண்ணீரைப் பற்றித் தெருவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம்.

இவரிடம் போய்ச் சொன்னேன். முகம் சிவந்து கத்தினார். பிறகு கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"நான் எழுதினது வாங்க வர்றவனுக்கு. படிச்சது அவ" என்றார்.

தானே எழுந்து போய்ப் போர்டைக் கழற்றிக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினார். இனிமேல் எப்படித்தான் விற்கப் போகிறோம் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

அந்த வாரமே ஒரு புருஷன் பெண்டாட்டி ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். முன்பு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள்தான். அந்தப் புருஷனுக்கு ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் வேலை. போர்டைக் காணோம் என்றதும் வீடு கைமாறிவிட்டது என்று பதறிப்போய் வந்திருக்கிறார்கள். எல்லாம் பிடித்திருந்ததாம், தண்ணீர் ஒன்றுதான் உப்பு என்று கேள்விப்பட்டுத் தயங்கினார்களாம். மாட்டியிருந்த வரைக்கும் ஆளை விரட்டிய போர்டு கழற்றியதும் ஆளைக் கூட்டிவந்துவிட்டது. இவர் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

கிணற்றடியில் எதிர்வீட்டுக்காரி நின்றிருந்தாள். நான் ஒரு டம்ளர் மொண்டு வீடு வாங்க வந்த பெண்ணிடம் கொடுத்தேன். குடித்தவள் கண்ணை உயர்த்தி, தன்னிடம் உப்பு என்று சொன்னது இவள்தான் என்று அடையாளம் கண்டுகொண்டாள். எதிர்வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு மூடி மறைக்க மனசில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். வீட்டைக் கொடுக்கிறோம், ஆனால் இந்தக் கேட்டை மட்டும் பூட்ட வேண்டாம் என்று கேட்டேன். இவரும் அதையே சொன்னார். விற்பது இத்தோடு கெட்டாலும் கெடட்டும் என்ற தைரியம் அவர் குரலில் இருந்தது.

அந்தப் பெண் புருஷனைக் கலந்துகொள்ளவில்லை.

"எனக்கு ஊரு கடலாடிப் பக்கம். குடிதண்ணிக்குத் தள்ளுவண்டியில குடத்தை அடுக்கி வெயில்ல தள்ளிக்கிட்டுப் போவோம். பூட்டுன கேட்டு முன்னாடி நானும் நின்னுருக்கேன்மா. இவுக வரட்டும்."

சொல்லிவிட்டு டம்ளரை நீட்டியபடி எதிர்வீட்டுக்காரியிடம் திரும்பினாள். இப்போது சொல்லுங்கள், தண்ணீர் எப்படி என்று கேட்டாள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த டம்ளரை வாங்கினாள்.

"நேத்து வரைக்கும் உப்பு, தாயி. இன்னைக்கு நல்ல தண்ணி."